நாலு டிகிரியில் பால்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
8 ஜூலை 2007

அன்புள்ள அண்ணனுக்கு மணிமொழி எழுதுவது.

நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி. உனக்குச் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? ஹிமாசலத்தில் மழை ஜாஸ்தி என்று செய்தியில் சொன்னதிலிருந்து அம்மா டி.வி.யை அணைக்க விடுவதில்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான் போன மாதத்திலிருந்து போன் செய்வதே இல்லை. பஜார் பூத்தில் லைன் சரியில்லை, கடிதம் போடு என்று ஒரு கார்டு போட்டாய். சரி, போடுகிறேன். இந்தச் செய்தியை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

சிப் வந்துவிட்டது அண்ணா!

நேற்று கூரியரில் வந்தது. தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா, உள்ளே கறுப்பு ஸ்பான்ஜ், அதில் குத்தி வைத்த ஒரு கறுப்புச் சதுரம். ஒரு ரூபாய்க் காசை மேலே வைத்தால் மறைந்துபோகிறது. சுற்றிலும் முடி மாதிரிக் கால்கள். எங்கள் பட்டறையில் நானும் ரேவதியும் தும்மல் வந்துவிடுமோ என்று பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம்.

போன வருஷம் நாங்கள் இருவரும் செய்த சர்க்யூட் போர்டை நீ பார்த்திருக்கிறாய். யோசிப்பதற்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர், கேபிள் வழியாகப் பேசுவதற்குத் தனியாக ஒரு ஈதர்நெட் சிப். இரண்டும் சேர்ந்து தோசைக்கல் மாதிரிச் சுடும். கரண்ட் போனால் பேட்டரியை ஒரே மடக்கில் குடித்துவிடும். இந்தப் புதுசில் யோசிப்பதும் பேசுவதும் ஒரே சதுரத்துக்குள். அதுவும் கொஞ்சூண்டு கரண்டில்!

பால் கம்பெனி பலராமன் சாரும் ஒத்துக்கொண்டுவிட்டார். ஊர் ஊராக வாங்குகிற பாலைக் குளிர வைக்க அவர் பெரிய எவர்சில்வர் தொட்டிகள் வைத்திருக்கிறார் இல்லையா, முதலில் அடி அண்ணாமலைத் தொட்டியில் எங்கள் போர்டை மாட்டலாம் என்கிறார். பால் நாலு டிகிரியில் இருக்கவேண்டும். சூடேறினால் போர்டு கேபிள் வழியாக இங்கே எங்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும், அங்கேயும் சைரன் ஊதும். கரண்ட் இல்லாத நேரத்திலும் சொல்லவேண்டும். அந்த நேரத்தில்தானே பால் கெடும்!

“கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்கறேன்மா. ஒழுங்கா வேல செஞ்சா எல்லா ஊருக்கும் உங்களுதுதான். இல்லன்னா சென்னைக் கம்பெனிக்காரன் ரெடியா நிக்கறான்,” என்றார். ரேவதி வீட்டிலும் தீபம் வரைக்கும்தான் பொறுமை. அதற்குப் பிறகு அவள் பெங்களூர் வேலைக்குத் திரும்பவேண்டுமாம்.

பயமாகவும் இருக்கிறது, குதிக்கவேண்டும் போலவும் இருக்கிறது. உடனே பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
மணிமொழி


சுரங்க முகாம், ஹிமாசலப் பிரதேசம்
24 ஜூலை 2007

அன்புத் தங்கை மணிமொழிக்கு அண்ணன் அறிவுச்செல்வனின் ஆசிகள்.

நான் சுகம். பசியும் தூக்கமும் குறைவில்லாமல் இருக்கின்றன. அம்மாவிடம் மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். மழை மலைக்கு வெளியேதான் பெய்கிறது, நாங்கள் மலைக்கு உள்ளே இருக்கிறோம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். பரசுராமனும் வாங்கிப் படித்தான். அவன் செய்யாற்றுக்காரன், என் அறையில்தான் இருக்கிறான். ‘உங்க தங்கச்சி சிப்புன்னு எழுதியிருக்கறத படிச்சா பொறந்த கொழந்தயப் பத்தி எழுதின மாதிரி இருக்கு’ என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு சந்தேகம். கொஞ்சூண்டு கரண்ட் என்கிறாயே, எப்படி? இங்கே டிரில்லுக்குக் காற்றடிக்கிற என் கம்ப்ரசர்கள் எல்லாம் யானை மாதிரி. தீனி போட்டால்தான் நகரும். உன் சதுரம் எதைத் தின்று வாழ்கிறது? விவரமாக எழுது, எனக்கு இப்போது படிக்க நேரம் நிறைய.

ஏனென்றால் கம்ப்ரசர் வேலையிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். உதிரி பாகங்களை எடுத்துக் கொடுத்து உட்கார்ந்திருக்கிற வேலை. அம்மாவிடம் பிரமோஷன் என்று சொல்லிவிடு. நல்ல அமைதியான இடம். சுரங்கத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டே வருகிறோம். மார்கழியில் நடுவில் சந்திக்கும் என்கிறார்கள். அந்த நாளில் நான் உள்ளே இருக்கவேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

பூத் லைன் இன்னும் அப்படியேதான். கடிதமே நல்லது. அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

பாசத்துடன்
அறிவு


வேங்கிக்கால்
12 ஆகஸ்ட் 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை அம்மா தினமும் இரண்டு தடவை விசாரிக்கிறாள், நான் என்னமோ உன் பக்கத்து அறையில் இருப்பது போல.

அண்ணா, அது பேசிவிட்டது!

போர்டில் சிப்பை ரேவதிதான் பற்றவைத்தாள், அவள் கைதான் நடுங்காது. கேபிளைச் செருகினேன். பச்சை விளக்கு எரியவில்லை. பிடுங்கிச் செருகினேன். எரியவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. கடைசியில் பார்த்தால் சிப்புக்குத் துடிப்புக் கொடுக்கிற குட்டி கிரிஸ்டலை வேறு அளவில் வாங்கி வந்திருக்கிறோம். மாற்றிப் போட்டதும் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. கம்ப்யூட்டரிலிருந்து ‘இருக்கிறாயா’ என்று கேட்டேன், அப்படிக் கேட்க ஒரு கட்டளை உண்டு. அடுத்த நொடியே பதில் வந்தது, இருக்கிறேன் என்று! திரும்பத் திரும்பக் கேட்டோம். திரும்பத் திரும்பச் சொன்னது. ரேவதி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்துவிட்டார்.

நீ கேட்ட சந்தேகத்துக்குப் பதில்: அது தூங்கியே வாழ்கிறது. கண் விழிக்கும், பால் எத்தனை டிகிரி என்று பார்க்கும், கேபிளில் சொல்லும், திரும்பத் தூங்கிவிடும். பேசுகிற பாகத்தை வேண்டாத நேரத்தில் அணைத்தே வைக்கலாம். அதனால் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று இருந்தால் நாள் கணக்கில் தாங்கும். தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.

ஆடிப்பெருக்கன்று நீ போன் செய்தபோது நான் பட்டறையில் இருந்துவிட்டேன். அம்மா ஒரே புலம்பல். “சாப்டியாடான்னு கேட்டா ‘மழ விட்டுடுச்சும்மா’ன்றான். எப்ப வரேன்னு கேட்டா ‘நல்லா இருக்கேன்’றான். நான் ஒண்ணு கேக்கறேன், அவன் ஒண்ணு சொல்றான். அப்டியே வெச்சுட்டான்.” அவ்வளவு மோசமான லைனா? உங்கள் பூத்துக்கு எங்கள் சிப் ஒன்று அனுப்பி வைக்கட்டுமா?

அடுத்த மாதம் அடி அண்ணாமலையில் மாட்டுகிறோம். வேண்டிக்கொள்.

அன்புடன்
மணி


சுரங்க முகாம்
30 ஆகஸ்ட் 2007

அன்பு மணிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும்.

பச்சை விளக்கு சிமிட்டியதைப் படித்ததும் ஸ்டோரில் எழுந்து நின்றுவிட்டேன். ஃபில்டர் வாங்க வந்தவன் எனக்கு என்ன ஆனதோ என்று பார்த்தான்.

கரண்ட் போகும்போது உன் போர்டு பேட்டரியில் ஓடும், சரி. கேபிளின் அந்தப் பக்கம் இருப்பதற்கு யார் கரண்ட் கொடுப்பார்கள்? யோசித்துப் பார். அந்தத் தொட்டியைக் குளிர வைக்கிற கம்ப்ரசர் என்ன ஜாதி என்றும் எழுது.

லைன் மோசம்தான். அம்மாவை வருத்தப்பட வேண்டாம் என்று சொல். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அறிவு


வேங்கிக்கால்
23 செப்டம்பர் 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை அம்மா இந்தப் புழுக்கத்திலும் போர்த்திக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

உன் வாயில் சர்க்கரை போடவேண்டும். அப்படியே நடந்தது! அடி அண்ணாமலையில் போர்டை மாட்டிய மறுநாளே கரண்ட் போனது. போர்டு சமர்த்தாக முழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வெளியே செய்தி அனுப்புகிற பிராட்பேண்ட் மோடம் செத்துவிட்டது! நம் ஆள் பேசிக்கொண்டே இருக்கிறான், வாசல் கதவு சாத்தியிருக்கிறது. உன் கடிதத்தை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் சிப் குடிப்பது துளிதான், பேட்டரியில் மிச்சம் எக்கச்சக்கம். அதிலிருந்தே மோடத்துக்கும் ஒரு ஒயர் இழுத்துவிட்டோம். பழைய போர்டாக இருந்தால் இதைக் கனவில்கூட நினைக்க முடியாது. இப்போது கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரில் எண் வந்துகொண்டே இருக்கிறது. 4.1, 4.0, 4.1. இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அங்கே நிலையத்தைப் பார்த்துக்கொள்வது பாஞ்சாலை அக்கா. பால் அளக்க, தொட்டி கழுவ, கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரைக் கிளப்ப, எல்லாம் அவர் ஒருவர்தான். போர்டைப் பார்த்து, “இத்துனூண்டு பொட்டியா எனக்கு மேனேஜரு? திட்டுமா?” என்று கேட்டார். திட்டாது அக்கா, சைரன்தான் ஊதும் என்றேன். “அப்ப பரவால்ல. மனுசன் மேனேஜரு ரெண்டும் பண்ணுவாரு,” என்றார்.

கம்ப்ரசர் பழசு. ஜெனரேட்டரில் ஓடினால் சில நேரம் ட்ரிப் ஆகித் தானாக நின்றுவிடுகிறதாம். என்ன செய்யலாம்?

உன் கடிதம் போன தடவை ரொம்பச் சின்னது. உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?

மணி


வேங்கிக்கால்
29 அக்டோபர் 2007

அண்ணா,

சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நிலச்சரிவில் தபால் நின்றுபோனது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அம்மா நலம். நான் நலம் என்று எழுத மனம் வரவில்லை.

ஐப்பசி பௌர்ணமியன்று சாயங்காலம் இடி மழை. கரண்ட் போனது. பாஞ்சாலை அக்கா ஜெனரேட்டரைப் போட்டார், எல்லாம் சரி. பட்டறையில் நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4.2. பிறகு 5. சாயங்காலப் பால் ஊற்றுகிறார்கள், அதனால் ஏறுகிறது, இறங்கிவிடும் என்று நினைத்தேன். 7. 9. இறங்கவில்லை. கம்ப்ரசர் ட்ரிப் ஆகி நின்றுவிட்டது என்று புரிந்தது. அக்காவின் செல்லுக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை.

கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஒன்றும் ஓடவில்லை. நடந்தே போனேன். மலையைச் சுற்றி ஊரே ஒரு திசையில் வருகிறது, நான் ஒருத்தி எதிர்த்திசையில் நனைந்துகொண்டு. “ஏம்மா, அப்பிரதட்சணமா சுத்தக்கூடாதும்மா!” என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பால் கெடுதுங்க ஐயா என்றேன். பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது சைரன் ஊதிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் அந்தச் சைரன் கொசு ரீங்காரம். பாஞ்சாலை அக்கா ஜெனரேட்டருக்கு மழை படாமல் தகரம் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். தொட்டிக் கம்ப்ரசர் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டு! கொஞ்சம் காய்ச்சிப் பார்த்தோம், பால் திரிந்துவிட்டது. தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டோம். வெள்ளையாகத் தெருவில் ஓடியதை நல்லவேளை நீ பார்க்கவில்லை.

பலராமன் சார் காலையில் வந்தார். “உங்க பொட்டி பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்திருக்கு, பால் பாட்டுக்கு கெட்டுக்கிட்டே இருந்திருக்கு. இதுக்கு எதுக்கும்மா பொட்டி? பாஞ்சால, நீ நாளையிலருந்து வராத.” நான் தடுத்தேன். தப்பு அவர்மேல் இல்லை, சைரன் வைத்த எங்கள்மேல் என்றேன். தீபம் வரைக்கும் அவரை வைத்திருங்கள், அன்றைக்கும் தப்பானால் எங்களையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

இதைவிடச் சத்தமான சைரனாக வைக்கலாம் என்று ரேவதி சொல்கிறாள். நீ என்ன சொல்கிறாய்? ஸ்பீட் போஸ்டில் பதில் போடு அண்ணா. தயவுசெய்து.

மணி


சுரங்க முகாம்
10 நவம்பர் 2007

அன்பு மணிக்கு,

நான் சுகம். வேலையாக ஒரு வாரம் சிம்லா போய்வந்தேன். அதுதான் தாமதம், மன்னித்துக்கொள். அம்மாவை அணைத்துக்கொண்டதாகச் சொல்.

முதலில், அழாதே. உன் போர்டு தோற்கவில்லை. மழையிலும் கரண்ட் இல்லாமலும் வேங்கிக்கால் வரைக்கும் சரியான எண்ணைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. அதைவிட வேறென்ன செய்யும்? கடைசி முழத்தில்தான் கோளாறு, பெட்டிக்கும் மனுஷிக்கும் நடுவில்.

சத்தத்தைக் கூட்டாதே. ஓடுகிற ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கிறவளுக்கு எவ்வளவு பெரிய சைரனும் ஒன்றுதான். விளக்கு வை. பெரிய, சிவப்பு, சுழல்கிற விளக்கு. பேட்டரியில்தான் மிச்சம் இருக்கிறதே.

ஆனால் விளக்கை எங்கே வைக்கிறாய் என்பதில்தான் விஷயம். தொட்டிமேல் வைத்துவிடாதே, யாரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அந்த அம்மா எங்கே உட்காருவாள், அப்போது அவள் கண் எங்கே இருக்கும் என்று அவளிடமே கேள். சத்தம் இல்லாத இடத்தில் கண்தான் எல்லாம். பக்கத்தில் வந்து ஒருவன் கூப்பிட்டால் வாய் அசைவதுதான் தெரியும், அதுவும் அவன் எதிரே நின்றால். முதுகுக்குப் பின்னால் லாரியே வந்தாலும் தெரியாது. ஆனால் சுவரில் ஒரு நிழல் நகர்ந்தால் போதும், உடனே திரும்புவேன். அதனால் வெளிச்சம் நேரே கண்ணில் படாவிட்டாலும் எதிர்ச் சுவரிலாவது விழுந்து ஓடும்படி வை.

கம்ப்ரசர் ட்ரிப் ஆவதற்கு: ஜெனரேட்டரில் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. முதலில் ஜெனரேட்டரை நன்றாக ஓடவிட்டு, பிறகு கம்ப்ரசரைப் போடச் சொல். அப்படியும் சில தடவை நிற்கும். நின்றால் எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று அந்த அம்மாவுக்குக் காட்டிக் கொடு. அவள் செய்துகொள்வாள்.

தீபத்துக்கு நாள் அதிகம் இல்லை. ஓடு.

அறிவு


வேங்கிக்கால்
27 நவம்பர் 2007

அன்புள்ள அண்ணா,

சுகம், சுகம், பரம சுகம்! ஜெயித்துவிட்டோம்!

உன் கடிதம் வந்த அன்றே தேரடி வீதியில் ஆட்டோ சாமான் கடைக்குப் போய்ச் சுழல் விளக்கு வாங்கினேன். பாஞ்சாலை அக்காவிடம் நீ சொன்ன மாதிரியே கேட்டேன்: தீபத்தன்று சாயங்காலம் உங்கள் கண் எங்கே இருக்கும்? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இது என்னாம்மா கேள்வி? எல்லாரும் மலையத்தான் பாப்போம்.” நான் விளக்கைத் தொட்டி அறையில் மாட்ட ஏணி போட்டு வைத்திருந்தேன் அண்ணா! ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வாசலுக்கு எதிரே மலைப் பக்கம் இரும்புக் குழாய் ஒன்றை நட்டு அதன் உச்சியில் மாட்டினோம்.

தீபத்தன்று ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள். பால் லாரி மறுநாள்தான் வரும். இரண்டு வேளைப் பாலும் தொட்டியில். நானும் ரேவதியும் பட்டறையில். பலராமன் சாரும் வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டார். இருட்டத் தொடங்கியபோது கிராமத்துப் பக்கம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது. 4.3. மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அரோகரா என்று ஊரே எழுப்பிய சத்தம் பட்டறைச் சுவரைத் தாண்டி வந்தது. நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் திரையில் 5 என்று வந்தது.

5.4. செல்லுக்கு அடித்தால் லட்சக்கணக்கான பேர் பேசுகிற நேரம், லைனே போகவில்லை. எங்கள் கேபிளில் மட்டும் எண் வந்துகொண்டிருந்தது. 6.0. பலராமன் சார் எழுந்து நின்றார். ரேவதி என் தோளைக் கிள்ளிப் புண்ணாக்கிவிட்டாள். 6.2. 6.2. மறுபடி 6.2. நான் திரையைத் தொட்டே பார்த்துவிட்டேன், உறைந்துபோனதோ என்று. பிறகு 6.1. அதற்குப் பிறகு 5.8!

இறங்குதுடீ என்று கத்தினேன். சாரும் சேர்ந்து கத்தினார். நாலைத் தொட்டபோது அவர் செருப்பில்லாமல் வெளியே போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் பாஞ்சாலை அக்கா சொன்னார்: “கைய தூக்கி கும்புட்டுக்கிட்டு நிக்கறேன். மேல தீபம் எரியுது. அதுக்கு நேர் கீழ செவப்பா ஒண்ணு சுத்துது. என்னடா சாமி, ரெண்டாவதா ஒண்ணு காட்டறியேன்னு ஒரு நிமிசம் முழிச்சேன். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு, ஐயோ பாலுன்னு. ஓடிப் போயி நீங்க சொன்ன பொத்தான அமுக்கினேன். கட கடன்னு எடுத்துக்கிச்சு.”

எல்லா ஊர்களுக்கும் எங்கள் போர்டுதான். பாஞ்சாலை அக்கா இனிமேல் மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்போகிறார். ரேவதி பெங்களூருக்குப் போகவில்லை.

அண்ணா, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து நிதானமாகப் படி.

தீபம் முடிந்த மறுநாள் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அவசரத்தில் படித்தபோது கண்ணில் படாதது இப்போது பட்டது. ‘சுவரில் ஒரு நிழல் நகர்ந்தால் போதும், உடனே திரும்புவேன்’ என்று எழுதியிருக்கிறாய். திரும்புவாள் என்று எழுதவில்லை. பிறகு மற்றக் கடிதங்களையும் எடுத்தேன். வெடி வெடிக்கிற இடத்தில் நல்ல அமைதி என்று எழுதியிருக்கிறாய். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற பரசுராமன் உன்னிடம் பேசாமல் தாளில் எழுதிக் காட்டுகிறார். அம்மா கேட்டதற்கெல்லாம் நீ வேறு பதில் சொன்னாய், நான் அதை வைத்து ஜோக் அடித்தேன்.

நான் எதையும் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றினால் சொல். ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய். நாங்கள் பேசுவது உனக்குக் கேட்காவிட்டால் என்ன, நீ பேசுவது எங்களுக்குக் கேட்கும். நீ பாட்டுக்குப் பேசு.

மணி


சுரங்க முகாம்
15 டிசம்பர் 2007

அன்பு மணிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இது நிஜம். காது மட்டும்தான்.

கம்ப்ரசர் சத்தத்தில் நாலைந்து வருஷமாகவே மந்தமாகிக்கொண்டு வந்தது. ஜூன் மாதம் உள்ளே ஒரு வெடிக்கு நான் போதுமான தூரம் ஒதுங்கவில்லை. அன்றோடு இடது காது போய்விட்டது. வலதில் ஏதோ கொஞ்சம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. சிம்லா போனது டாக்டரைப் பார்க்கத்தான். மிஷின் வைத்தால் வலது காதில் ஓரளவு தேறும் என்றார். சொன்னால் அம்மா அடுத்த ரயிலில் ஏறி வரச் சொல்வாள். இரண்டு பக்கமும் சந்திப்பதைப் பார்க்காமல் வர எனக்கு மனமில்லை.

பார்த்துவிட்டேன் மணி! போன புதன்கிழமை. என்னை உள்ளே விட்டார்கள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், அந்தப் பக்கத்து டிரில் சத்தம் கேட்கிறதா என்று. நான் உள்ளங்கையைப் பாறையில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுங்கியது. எறும்பு ஊர்வது மாதிரி, அப்புறம் வண்டி ஓடுவது மாதிரி. “வராங்க!” என்று முதலில் கத்தியவன் நான்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் பாறையில் ஒரு ஓட்டை விழுந்து அந்தப் பக்கத்து வெளிச்சம் வந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை நீண்டது. அதைப் பிடித்துக் குலுக்கினேன். யார் கை என்று இன்னும் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்தபோதும் அப்படித்தான் கத்தினேன். 6.2 வந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

பனியில் பஜார் பாதை மூடிக் கிடக்கிறது. திறந்ததும், ஜனவரி முதல் ஞாயிறு போன் செய்கிறேன். நீங்கள் எடுத்ததும் பரசுராமன் என் தோளைத் தட்டுவான். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.

அறிவு


வேங்கிக்கால்
7 ஜனவரி 2008

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நேற்று உன் வாயாலேயே கேட்டோம், அதனால் அதைக் கேட்கவில்லை. நாங்களும் சுகம்.

அம்மாவிடம் கிறிஸ்துமஸ் லீவிலேயே சொல்லிவிட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். எழுந்து டி.வி.யை அணைத்தாள். பிறகு கேட்டாள், “அப்ப எம்மேல கோவம் இல்லியா?” கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நீ போனை வைத்ததை, உனக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று அவள் சொன்னதில் வந்த கோபம் என்று நினைத்து ஆடியிலிருந்து மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்! இல்லம்மா, கோவமே இல்ல என்றதும்தான் அழுதாள். அழுது முடித்து, எழுந்துபோய் உனக்குப் பொடி இடிக்க மிளகாய் காய வைத்தாள்.

நேற்று நீ பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டோம். சுரங்கத்தில் நீண்ட கை, பரசுராமன் கிண்டுகிற கஞ்சி மாதிரியான உப்புமா, மாசியில் ஊருக்கு வருவது, வேலூரில் காது மிஷின் பார்ப்பது, எல்லாம். பலராமன் சாரின் மற்ற ஊர்களுக்கும் நீயே கம்ப்ரசர்களைப் பார்த்துத் தருவதாகச் சொன்னாயே, அதைக் கேட்டு ரேவதி உன்னை உடனே கிளம்பி வரச் சொன்னாள். ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது.

நீ பேசியபோது அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அவனுக்குக் கேட்காதும்மா என்று சைகை காட்டினேன். “தெரியும், நீ சும்மா இரு,” என்று என் கையைத் தட்டிவிட்டு, நீ மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் பேசினாள். உனக்கு அது வந்து சேரவில்லை. அதனால் இங்கே எழுதி அனுப்புகிறேன்.

நீ ஹலோ சொன்னதும்: “டேய் கழுத, ஆறு மாசமா ஒரு வார்த்த சொன்னியாடா நீ?”

சுரங்கத்தைப் பற்றிச் சொன்னபோது: “உள்ளாற போவாத. போதும் நீ கொடஞ்சது.”

உப்புமாவுக்கு: “அந்தப் புள்ளைய கூட்டிக்கினு வா. நான் ரெண்டு பேருக்கும் ஆக்கிப் போடறேன்.”

மாசியில் வருகிறேன் என்றபோது போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

நீ வைக்கப்போகிறேன் என்றதும்: “வெச்சுராதடா, இன்னும் கொஞ்ச நேரம் பேசு. எதனா பேசு. நீ பேசறது நல்லா கேக்குது.”

அந்த நேரத்தில் நீ என்னவோ பனியைப் பற்றி இன்னொரு தடவை ஆரம்பித்தாய் அண்ணா. எதற்காக வைக்காமல் தொடர்ந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கேட்டதால்தான் என்று அவள் நம்புகிறாள். நான் மறுக்கவில்லை.

இப்போது என் பின்னால் நின்றுகொண்டு, “எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுது. கழுதன்னு திட்டினத மட்டும் உட்ரு,” என்கிறாள்.

உட்டுட்டேம்மா என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை
மணிமொழி